ஜார்ஜ் ஹாரிஸனின் தனித் தட்டுகள்

பீட்டில்ஸ் குழுவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஜார்ஜ் ஹாரிஸனைப் பற்றி ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். லென்னன், மக்கார்ட்னி என்ற இரண்டு பெரிய மரங்களின் நிழலில் வெயில் கிடைக்காமல் நின்ற செடி. 1970இல் குழு கலைந்ததும் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்று மூன்று தட்டுகளாகப் பூத்தது. கதை பொய்யில்லை. கணக்கும் அதற்கு அனுசரணையாகவே இருக்கிறது. 1968இன் வெள்ளை உறை ஆல்பத்தில் 30 உருப்படிகள், ஹாரிஸனுடையவை 4. அடுத்த வருஷத்து 'ஆபி ரோட்'டில் 2.

ஆனால் இந்தக் கதைக்குள் அடங்காத இரண்டு தட்டுகள் இருக்கின்றன. குழு உயிரோடு, முழு மும்முரத்தில் இயங்கிக்கொண்டிருந்தபோதே அவர் பெயரில் வந்தவை: 1968 நவம்பரில் 'ஒண்டர்வால் மியூஸிக்', 1969 மே மாதம் 'எலெக்ட்ரானிக் சவுண்ட்'. இரண்டிலும் வரிகள் எழுதி மெட்டமைத்த பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. தேங்கிப்போன பாட்டுகளுக்கு வடிகால் தேடித் தவித்தவர் என்றால், கையில் கிடைத்த முதல் இரண்டு சந்தர்ப்பங்களில் அந்தப் பாட்டுகளை ஏன் பாடவில்லை? சரித்திரக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

'ஒண்டர்வால்' ஜோ மஸாட் எடுத்த ஒரு படம். படத்துக்கு இசை வேண்டுமென்று கேட்டபோது, எது கொடுத்தாலும் சரி என்ற சுதந்திரம் ஹாரிஸனுக்குக் கிடைத்தது. படத்தை ஓடவிட்டு ஸ்டாப்வாட்சால் காட்சிகளின் நேரத்தை அளந்துகொண்டார். 1967 நவம்பரில் லண்டனில் பதிவுகள் தொடங்கின. 1968 ஜனவரியில் பம்பாய்க்குப் போய் அங்கேயிருந்த ஹெச்.எம்.வி. ஸ்டூடியோவில் மிச்சத்தைப் பதிவு செய்தார். தெருவின் சத்தம் உள்ளே வரும் ஸ்டூடியோ. கூர்ந்து கேட்டால் சில பதிவுகளில் டாக்ஸி போவது கேட்கும் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

வாசித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். சந்தூருக்கு சிவகுமார் சர்மா. சரோதுக்கு ஆஷிஷ் கான், தபலாவுக்கும் பக்வாஜுக்கும் மஹாபுருஷ் மிஸ்ரா. இவர்கள் இருவரும் லண்டன் பதிவில் கலந்துகொண்டவர்கள். விநாயக் வோரா வாசித்த தார் ஷெனாய் விசித்திரமான வாத்தியம். பெயரில் ஷெனாய் இருந்தாலும் ஊதுவதில்லை. எஸ்ராஜ் மாதிரி வில்லால் இழுப்பது. தந்தியின் அதிர்வைப் பழைய கிராமபோன் பெட்டியில் உள்ளது போன்ற ஒரு தகடு வாங்கி உலோகக் குழல் வழியாக வெளியே அனுப்பும். ஒலி மெலிந்து, மூக்கால் அழுவது போல வரும். 'க்ரையிங்' என்று ஒரு நிமிஷச் சொச்சத்தில் முடிந்துவிடும் துண்டில் இதைக் கேட்கலாம். ஒரு ராகத்தை விஸ்தரிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மரபில் வந்தவர்களிடம் ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று கேட்பது அபசாரம்தான். 'கேட்டுக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது' என்று எனக்கும் சில இடங்களில் எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் துண்டு துண்டாக இருப்பதே இந்தத் தட்டின் ரூபம். மொத்தம் 19 துண்டுகள்: சந்தூர் முடிந்த இடத்தில் லிவர்பூல் ரிமோ ஃபோர் குழுவின் பியானோ, அது முடிந்தால் ஷெனாய், அப்புறம் எரிக் கிளாப்டனின் அலறும் கிதார். 'ட்ரீம் ஸீன்' என்ற துண்டில் டேப்புகளை வெட்டி, பின்னோக்கி ஓட்டி, குரல்களை மிதக்கவிட்டிருப்பார். வெள்ளை ஆல்பத்தில் லென்னனின் 'ரெவல்யூஷன் 9' அடைந்த பெயரில் கால்பங்குகூட இதற்கு இல்லை. இதுவோ அதற்கு முந்தியது.

தனித் தட்டு என்கிறோம். அதில் தனியாள் எங்கே? ஹாரிஸன் வாசித்ததும் குறைவு, பாடவில்லை. அடுத்தவர்களை உட்காரவைத்து வாசிக்கச் செய்து, கேட்டு, வெட்டி, ஒட்டியிருக்கிறார். குழுவில் அவருக்குக் கிடைக்காமல் போனது பாட்டுக்கான இடம் மட்டுமல்ல, எந்த ஒலி பக்கத்தில் எந்த ஒலி வரவேண்டும் என்று தீர்மானிக்கிற ஸ்தானமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1967இல் 'வித்தின் யூ வித்தவுட் யூ' பதிவான அன்றே இதன் விதை இருந்தது. அதில் மற்ற மூன்று பீட்டில்ஸும் வாசிக்கவில்லை. குழுவின் தட்டுக்குள்ளேயே ஒரு தனித் தட்டு அது.

எதிர்த் திசையிலும் சரக்கு போயிருக்கிறது. அதே பம்பாய்ப் பதிவின்போது மிஞ்சிய நேரத்தில், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசிக்க, ஒரு பின்னணியைப் பதிவு செய்துகொண்டார். லண்டன் திரும்பி அதன்மேல் பாடினார். மார்ச் 1968இல் 'லேடி மடோனா'வின் மறுபக்கமாக வந்த 'தி இன்னர் லைட்' இதுதான். பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஹாரிஸன் பாட்டு இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

'எலெக்ட்ரானிக் சவுண்ட்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. பக்கத்துக்கு ஒன்றாக மூக் ஸிந்தஸைஸரின் இரண்டு நீண்ட ஒலிக்கோவைகள். இரண்டாவது, தான் அந்தக் கருவியை இயக்கிக் காட்டியபோது தனக்குத் தெரியாமல் பதிவானது என்று பெர்னி க்ராஸ் பிற்பாடு சொன்னார். முதல் அட்டையில் அவர் பெயரின் மேல் பூசிய வர்ணத்தையும் மீறி எழுத்து தெரிந்தது. பம்பாயில் பிறர் வாசிப்பைத் தொகுத்து ஒரு சிருஷ்டியாக்கிய அதே கை, இங்கே பிறர் வாசிப்பை அப்படியே எடுத்துக்கொண்டது என்றால் அதை மன்னிப்பது கஷ்டம். இசையாகவும் அது நிற்கவில்லை.

பாட்டுகள் என்ன ஆயின? 1969 ஜனவரி 10ஆம் தேதி ட்விக்கன்ஹாம் ஒத்திகையிலிருந்து ஹாரிஸன் எழுந்து போய்விட்டார். அன்றே 'வா-வா'வை எழுதினார். சில நாட்களில் திரும்பி வந்தார். பீட்டர் ஜாக்ஸன் 2021இல் தொகுத்து வெளியிட்ட 'கெட் பேக்' படத்தில், அந்த மாதக் கடைசியில் அவர் லென்னனிடம் பேசுவது இருக்கிறது. தன் பங்குக்கு வரும் இடத்தை வைத்துப் பார்த்தால் அடுத்த பத்து வருஷத்துக்குப் போதுமான பாட்டு சேர்ந்துவிட்டது, தனியாக ஒரு ஆல்பம் போட்டால் என்ன என்கிறார். குழுவை உடைக்க அல்ல, ஆளுக்கு ஆள் தனியாகவும் செய்துகொண்டால் குழு பிழைக்கும் என்பது அவர் எண்ணம். லென்னனும் சரி என்கிறார். குரலில் குரோதம் துளியும் இல்லை. அடுத்த ஆண்டு குழுவே இல்லை.

இடையில் 1969 பிப்ரவரி 25. ஹாரிஸனுக்கு 26 வயது நிறைந்த நாள். ஆபி ரோட் ஸ்டூடியோவுக்குத் தனியாகப் போய் 'ஓல்ட் பிரவுன் ஷூ', 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', 'ஸம்திங்' என்ற மூன்று பாட்டுகளை மாதிரிக்காகப் பதிவு செய்தார். முதலும் மூன்றும் குழுவுக்குப் போயின. நடுவில் உள்ளது ஒத்திகையிலேயே தேங்கி நின்றுபோன பாட்டு.

1970 நவம்பரில் அது ஃபில் ஸ்பெக்டரின் கைங்கரியத்தோடு வந்தது. முதல் இரண்டு தட்டுகளில் 18 உருப்படிகள். மூன்றாவதில் 5, பெரும்பாலும் கூடி வாசித்த ஜாம்கள். கிதார்கள், பியானோக்கள், ஊதுவாத்தியங்கள் எல்லாம் ஒரே எதிரொலியில் கரைந்து பெரிய சுவராக எழும்புகின்றன. மதிப்புக்குரிய வேலைதான்; ஆனால் பல இடங்களில் பாடுகிறவரைச் சுவருக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கிறது. 2001 மறுவெளியீட்டின்போது, அந்த எதிரொலியைக் குறைத்துப் பாட்டுகளை விடுவிக்கத் தனக்கு ஆசை என்று ஹாரிஸனே எழுதினார். அந்த வருஷம் நவம்பரில் இறந்துபோனார். 2021இல் மகன் தானியின் மேற்பார்வையில் புதிய கலவை வந்தது. சுவர் ஓரளவு மெலிந்திருக்கிறது.

பிறந்தநாள் பதிவு 1996இல் 'ஆந்தாலஜி 3'இல் வெளியானது. கிதாரும் குரலும் மட்டும். மேலே இன்னொரு கிதார் வரி. மூன்று வடிவங்களில் நான் எடுத்துப் போடுவது இதைத்தான்.