செவுள் ஒடுங்கும் காலம்

பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், மழை ஓய்ந்ததும் பள்ளங்களில் தேங்கிய நீரெல்லாம் தலைப்பிரட்டைகளால் நெளியும். அவற்றைக் கையால் அள்ளிக் கண்ணாடிப் புட்டியில் இட்டு வளர்த்த பருவம் நமக்கும் இருந்தது. பின்னங்கால்கள் தோன்றின, மகிழ்ந்தோம். முன்னங்கால்கள் தோன்றின, அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினோம். மறுநாள் காலையில் அவை இறந்து மிதந்தன. புட்டி நிறைய நீரூற்றி, வேளை தவறாமல் இரையிட்டும் ஏன் இறந்தன என்ற வினாவுக்கு அன்று விடை கிட்டவில்லை. அவ்விடை, தவளைக்கு உறவான வேறோர் உயிரை வளர்த்தோரின் வரலாற்றில் இருக்கிறது.

அவ்வுயிரின் பெயர் நியூட். சாலமாண்டர் குலத்தைச் சேர்ந்தது. பார்வைக்குப் பல்லி போன்றிருப்பினும் செதிலற்ற ஈரத்தோல் உடையது. தவளையைப் போலன்றி, வளர்ந்த பின்னும் வாலை இழக்காதது. தமிழகத்தில் இது இல்லை. நம் நாட்டில் டார்ஜிலிங், சிக்கிம் முதலிய கிழக்கிமயப் பகுதிகளிலும் வடகிழக்கு மலைகளிலுமே காணப்படுகிறது.

சாலமாண்டரின் பெயர் நம் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதன்று. அரபு, பாரசீக இலக்கியங்களில் நெருப்பில் வாழ்வதாகச் சொல்லப்படும் 'சமந்தல்', 'சமந்தர்' என்பவை இதனோடு தொடர்புடைய பெயர்களே. கி.பி. 1405இல் மறைந்த அறிஞர் தமீரீ, தமது 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கியற் பெருநூலில் சமந்தலை ஒரு பறவையாகக் குறிக்கிறார். அதிலிருந்து செய்த துணி அழுக்கடைந்தால் அதை நெருப்பிலிட்டே தூய்மை செய்வர் என்ற செய்தியும் அங்கே உண்டு. அத்தகைய துணிகள் உண்மையில் கல்நாரால் நெய்யப்பட்டவை. கதை நெருப்பில் வாழவைத்த உயிரோ, ஈரமின்றி ஒரு நாளும் வாழ இயலாதது!

இக்குலத்து உயிர்களின் முதிர்ச்சியை அறிவுலகம் விளங்கிக்கொண்டது, நியூட்டின் உறவான ஆக்ஸலாட்டலை வளர்த்ததன் வாயிலாகவே. மெக்சிகோ ஏரிகளைச் சேர்ந்த இவ்வுயிர், இளமைக்குரிய வெளிச்செவுள்களுடனேயே நீருள் வாழ்ந்து முட்டையிடும். 1864இல் முப்பத்துநான்கு ஆக்ஸலாட்டல்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஆறு, அரசு இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தைச் சேர்ந்த ஒகுஸ்த் துமெரிலிடம் வந்தன. அடுத்த ஆண்டு அவை ஈன்ற குஞ்சுகளிற் சில எவரும் எதிர்பாராத வகையில் செவுள் ஒடுங்கி, வால் துடுப்புச் சுருங்கி, கரைவாழ் சாலமாண்டர்களாக மாறி நின்றன. காரணம் அறியத் துமெரில் சிலவற்றின் செவுள்களை வெட்டியும் பார்த்தார், ஐயம் தீரவில்லை.

வெட்டியவருக்குக் கிட்டாத விடை, பொறுமையோடு வளர்த்த ஒரு பெண்மணிக்குக் கிட்டியது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பேராசிரியர் வைஸ்மன் தாமே முயன்று தோற்றபின், மேரி ஃபொன் ஷோவின் என்பவரிடம் அப்பணியை ஒப்புவித்தார். பன்னிரண்டில் எஞ்சிய ஐந்து இளங்குஞ்சுகளோடு அவ்வம்மையார் தொடங்கினார். குஞ்சுகள் வளர்ந்ததும் நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தார், ஏறி அமரக் கரை அமைத்தார், ஈரப்பாசி பரப்பினார். கரையேறியவை உண்ண மறுத்தபோது மண்புழுவை அவற்றின் வாயிலேயே வைத்து ஊட்டினார். குஞ்சு நலமாய்ப் பிறந்து, நன்கு உண்டு, காற்றைச் சுவாசிக்கும் நிலைக்குப் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டால் முதிர்ச்சி பெரும்பாலும் நிறைவேறும் என்று கண்டார். 1875இல் வைஸ்மன் வெளியிட்ட கட்டுரை இவ்வுழைப்பை உலகறியச் செய்தது.

இதற்கு மாறாக, முதிர்ச்சியை விரைவுபடுத்தியவர்களும் உண்டு. 1912இல் குடர்னாட்ச் என்னும் ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சுரப்பியை இரையாக அளித்தார். அவை உரிய காலத்துக்கு முன்பே தவளையாயின. ஆனால் ஈயளவே இருந்தன! 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி அதே சுரப்பியை ஊட்டி ஆக்ஸலாட்டலைக் கரையேற்றினார். உருமாற்றத்தை இயக்குவது அச்சுரப்பியின் நீரே என்பது இவற்றால் தெளிந்தது. உருவம் முதிர்வதற்கும் உடல் வளர்வதற்கும் இடையே ஒரு பொருத்தம் வேண்டும் என்பதும் உடன் தெளிந்தது.

நியூட்டின் வாழ்க்கை இப்பொருத்தத்திற்கு நல்ல சான்று. ஐரோப்பிய நியூட்டுகளில் தாய், முட்டைகளை ஒவ்வொன்றாக நீர்ச்செடியின் இலையில் மடித்து வைக்கிறது. குஞ்சுக்குத் தலைப்பிரட்டைக்கு எதிர்மாறாக முன்னங்கால்களே முதலில் முளைக்கும். அது இளமை முதலே உயிரிரை தின்பது. நெருக்கி வைத்தால் ஒன்றன் காலை மற்றொன்று கடிக்கும். ஆகவே வளர்ப்போர் குஞ்சுகளைப் பிரித்து, குளிர்ந்த தூய நீரில் வைப்பர். செவுள் ஒடுங்கத் தொடங்கும் நாட்களே ஆபத்தானவை. அப்போது ஏறி அமரக் கரையில்லையேல் நீரிற் பிறந்த உயிர் நீரிலேயே மூழ்கி இறக்கும். வட அமெரிக்காவின் கிழக்கு நியூட் செம்மஞ்சள் நிறத்தோடு கரையேறி, சில ஆண்டுகள் காட்டுத் தரையில் வாழ்ந்து, பின் பச்சை நிறமும் துடுப்புவாலும் பெற்று மீண்டும் நீருக்குத் திரும்புகிறது. நீர், நிலம், மறுபடியும் நீர் என மூன்று வீடுகள் அதற்கு வேண்டும்.

முசரவாக்கத்துப் புட்டியில் நாம் செய்த பிழை இப்போது விளங்குகிறது. நேற்றுவரை அவற்றுக்கு உயிரளித்த நீரையே இன்றும் நிறைய ஊற்றினோம். அன்புக்குக் குறைவில்லை, காலம் மாறியதை மட்டும் உணரவில்லை.

காஞ்சித் தறிகளில் ஏறும் பட்டிழையை நினைத்தால் மற்றோர் உண்மையும் புலனாகிறது. பட்டுப்புழுவை நான்கு தோலுரிப்புகள் வரை மனிதன் குழந்தையைப் போலக் காக்கிறான். அது கூடு கட்டியதும், அந்துப்பூச்சியாக வெளிவந்தால் இழை அறுபடுமே என்று வெப்பமூட்டிக் கொன்றுவிடுகிறான். அவ்வளர்ப்பு இழைக்காக, முதிர்ச்சி அதற்குப் பகை. நியூட்டை வளர்ப்பதில் இழையுமில்லை, ஊதியமுமில்லை; முதிர்ச்சி ஒன்றே பயன்.

ஆயினும் எல்லா ஆசையும் காப்பாகிவிடாது. சாலமாண்டர்களின் தோலை அரிக்கும் ஒரு பூஞ்சை 2013இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. வளர்ப்புயிர் வாணிகத்தின் வழியே ஆசியாவிலிருந்து ஐரோப்பாவை அடைந்ததாகக் கருதப்படும் அந்நோய்க்கு அஞ்சி, 2016இல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் இமய நியூட் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் குற்றமாகும். அதற்கெனவே டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் 1985இல் ஒரு சரணாலயம் நிறுவப்பட்டது. அதன் பரப்பு நான்கு ஹெக்டேர் மட்டுமே. குளமும் கரையும் கெடாதிருந்தால் இவ்வுயிருக்கு அதுவே போதும்.

நம் ஊர்ப் பள்ளங்களிலும் மழைதோறும் தலைப்பிரட்டைகள் தோன்றவே செய்கின்றன. இன்று ஒரு சிறுவன் புட்டியோடு வந்தால், நாம் அவனைக் கடியமாட்டோம். முன்னங்கால் தோன்றுமுன் புட்டியில் ஒரு கல்லை இடச் சொல்வோம். வால் சுருங்கியதும் எடுத்த இடத்திலேயே விடச் சொல்வோம். வளர்க்கும் கை, விடுவிக்க வேண்டிய நாளையும் அறிந்திருத்தல் வேண்டும்.