பிளவு நொதி நோயறி ஆய்வின் வரலாறு

பிளவு நொதி ஆய்வு என்பது, இரு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட நொதியைக் கொண்டு குருதியிலுள்ள நோய்க் குறிப்பான்களைக் கண்டறியும் முறையாகும். ஒவ்வொரு துண்டும் ஓர் எதிர்ப்பொருளுடன் பிணைக்கப்படுகிறது. இரு எதிர்ப்பொருள்களும் ஒரே குறிப்பான் மூலக்கூறைப் பற்றும்போது துண்டுகள் நெருங்கி இணைகின்றன. நொதி மீண்டும் செயற்பட்டு நிறத்தையோ ஒளியையோ உண்டாக்குகிறது.

பின்னணி

1971இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மன் ஆகியோரும், நெதர்லாந்தில் வான் வீமன், ஸ்கூர்ஸ் ஆகியோரும் தனித்தனியே நொதிசார் எதிர்ப்பொருள் ஆய்வை வெளியிட்டனர். இதுவே எலிசா முறையின் தொடக்கம். கதிரியக்கப் பொருளின் இடத்தை இதில் நொதி பிடித்தது. ஆனால் முழு நொதி எப்போதும் செயற்படும். எனவே குறிப்பானைப் பற்றாத எதிர்ப்பொருளைக் கழுவி நீக்காவிட்டால், நோய் இல்லாதவரின் மாதிரியும் நிறம் காட்டிவிடும். கழுவுவதற்கும் காத்திருப்பதற்கும் சில மணி நேரம் செலவாயிற்று.

வெட்டிய நொதி

இதற்கான தீர்வின் வித்து முன்பே கிடைத்திருந்தது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் ரிச்சர்ட்ஸ், 124 அமினோ அமிலங்கள் கொண்ட மாட்டுக் கணைய ரைபோநியூக்ளியேசை 20, 104 என இரு துண்டுகளாகப் பிரித்தார். தனித்தனியே செயலற்ற அவை, ஒன்றாகக் கலந்ததும் செயற்பட்டன. 1967இல் பாரிசில் உல்மன், ஜேக்கப், மோனோ ஆகியோர் பீட்டா-கேலக்டோசிடேசிலும் இத்தகைய இணைவைக் காட்டினர்.

1986இல் வெளியான செடியா முறை இதைக் கழுவத் தேவையற்ற ஆய்வாக்கியது. அதில் நொதித் துண்டு பிணைக்கப்பட்டது எதிர்ப்பொருளுடன் அன்று. டிகாக்சின் என்னும் இதய மருந்துடன். எதிர்ப்பொருள் அத்துண்டைப் பற்றித் தடுக்கும். நோயாளியின் குருதியிலுள்ள மருந்து போட்டியிட்டு அதை விடுவிக்கும்.

ஈர்ப்பைக் குறைத்தல்

புரதக் குறிப்பான்களுக்கு இரு எதிர்ப்பொருள் முறையே ஏற்றது. ஆனால் துண்டுகள் தாமாகவே இணைந்தால் பொய்யான விடை வரும். 2016இல் புரோமெகா நிறுவன ஆய்வாளர்கள், ஆழ்கடல் இறாலின் லூசிஃபெரேசிலிருந்து உருவாக்கிய ஒளி நொதியைப் பிளந்தனர். அதன் சிறு துண்டில் 11 அமினோ அமிலங்களே உள்ளன. துண்டுகளுக்கிடையிலான ஈர்ப்பு வேண்டுமென்றே குறைக்கப்பட்டதால், குறிப்பான் நெருக்கிவைத்தால் மட்டுமே அவை ஒளிர்ந்தன. கொரோனாத் தொற்றுக் காலத்தில் இம்முறை தலைகீழாகவும் பயன்பட்டது: துண்டுகள் வைரசுப் புரதத்துடன் பிணைக்கப்பட்டு, குருதியில் எதிர்ப்பொருள் தேடப்பட்டது.

வரம்பு

குறிப்பான் மிக அதிகமாக இருந்தால் இரு எதிர்ப்பொருள்களும் வெவ்வேறு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும், ஒளி குறையும். கடும் நோய் லேசானதாகத் தோன்றக்கூடும் என்பதால், ஐயத்துக்குரிய மாதிரிகளை நீர்த்து மீண்டும் அளக்க வேண்டும்.