போட்ட தடையை எடுக்கத் தெரியாதவர்கள்: ஈரானின் இருபது வருட அணுக்கதை

ஒரு நாடு அணுகுண்டு செய்யப் பார்க்கிறது எண்டு சந்தேகம் வந்தால் உலகம் முதலில் கையில் எடுப்பது பொருளாதாரத் தடையைத்தான். யுத்தத்துக்குப் போகவும் விருப்பமில்லை, சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவும் ஏலாது, அப்ப தடை போடுவம் என்கிற இடைவழி அது. அந்த இடைவழி உண்மையில் குண்டைத் தடுக்கிறதா? இதைப் பார்க்க நாங்கள் ஈரானை எடுத்திருக்கிறோம். தடையால் என்ன ஏலும், என்ன ஏலாது என்ற இரண்டுமே அந்த ஒரே நாட்டின் இருபது வருடக் கதைக்குள் இருக்கிறது.

2002 ஓகஸ்டில் ஈரானின் நாடு கடந்த எதிர்க்கட்சி ஒன்று நதான்ஸ், அராக் ஆகிய இரண்டு இடங்களிலும் இரகசியமாக அணு நிலையங்கள் கட்டப்படுவதை வெளியே சொன்னது. அடுத்த வருடம் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் தெஹ்ரானுடன் பேசத் தொடங்கின. ஈரான் யுரேனியம் செறிவூட்டலைத் தற்காலிகமாக நிறுத்த ஒப்புக்கொண்டது. இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். ஈரான் ஆயுதம் செய்யும் வேலையை 2003 இன் இறுதிப் பகுதியிலேயே நிறுத்திவிட்டது என்று அமெரிக்க உளவு அமைப்புகளே 2007 இல் மதிப்பிட்டன. ஐ.நா. தடை வந்தது 2006 டிசம்பரில். ஆக, ஆயுத வேலையை நிறுத்தியது தடை இல்லை. இரகசியம் அம்பலமானதும், பரிசோதகர்கள் உள்ளே வந்ததும், பக்கத்து ஈராக்கில் அமெரிக்கப் படை இறங்கியதும் தடைக்கு முந்தியே நடந்துவிட்டன.

2005 மார்ச்சில் ஈரான் ஒரு யோசனையை முன்வைத்தது. முதல் கட்டமாக 3,000 மையவிலக்கிகளை மட்டும், கண்காணிப்போடு, நதான்ஸில் பொருத்த விடுங்கள் என்றது. ஒன்றுமே கூடாது என்பதுதான் மேற்குலகின் நிலைப்பாடு. பேச்சு முறிந்தது. 2006 ஏப்ரலில், 164 மையவிலக்கிகள் கொண்ட ஒரு தொடரைக் கொண்டு 3.5 வீதம் செறிவூட்டிவிட்டோம் என்று ஈரான் அறிவித்தது. அந்த டிசம்பரில் பாதுகாப்புச் சபை 1737 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிறகு 2007, 2008, 2010 என்று தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2012 இல் ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து வெட்டப்பட்டன. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. எண்ணெய் ஏற்றுமதி ஏறத்தாழ பாதியாக விழுந்தது. ரியாலின் பெறுமதி கரைந்தது, சனத்தின் சேமிப்பும் அதோடு போனது.

ஆனால் மையவிலக்கிகள்? 2013 இல் பொருத்தப்பட்டிருந்த எண்ணிக்கை ஏறத்தாழ 19,000. தடை இறுக இறுக எண்ணிக்கையும் ஏறியது. தடையின் நோக்கம் மையவிலக்கியைக் குறைப்பதென்றால், அந்த ஏழு வருடமும் தோல்விதான்.

பிறகு எப்படி 2015 உடன்படிக்கை வந்தது? "தடை கடித்தது, ஈரான் மண்டியிட்டது" என்று ஒரு பக்கம் சொல்லுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பொருளாதார நெருக்கடி இல்லாமல் 2013 இல் ரூஹானி வென்றிருப்பாரா என்பது சந்தேகம். மற்றப் பாதியை அவர்கள் சொல்லுவதில்லை. ஓமானில் இரகசியப் பேச்சு நடந்தபோது, ஈரான் தன் மண்ணில் மட்டுப்படுத்தப்பட்ட செறிவூட்டல் செய்யலாம் என்பதை அமெரிக்காவும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் இறங்கி வந்தது. 2015 ஜூலை 14 இல் வியன்னாவில் எட்டப்பட்ட உடன்படிக்கை, நதான்ஸில் 5,060 மையவிலக்கிகள் ஓட இடம் கொடுத்தது. பத்து வருடத்துக்கு முந்தி மறுக்கப்பட்ட 3,000 ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் போன காலத்துக்கு யார் விலை கொடுத்தது?

இருந்தாலும் அந்த உடன்படிக்கை வேலை செய்தது. செறிவூட்டல் 3.67 வீதத்துக்குள், கையிருப்பு 300 கிலோவுக்குள். ஒரு குண்டுக்கான யுரேனியத்தைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் போதும் என்றிருந்தது, ஒரு வருடமாக நீண்டது. ஈரான் கட்டுப்பாடுகளை மதிக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் தொடர்ந்து அறிக்கை கொடுத்தது. அப்படியிருந்தும் 2018 மே 8 இல் ட்ரம்ப் வெளியேறினார். தடைகள் திரும்பி வந்தன, முன்னையதை விடக் கடுமையாக. ஈரான் ஒரு வருடம் பொறுத்திருந்து, 2019 மேயிலிருந்து எல்லைகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. 2021 ஏப்ரலில் 60 வீதம். குண்டுக்குத் தேவை ஏறத்தாழ 90 வீதம். 60 ஐத் தொட்டுவிட்டால் உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் தடையின் உள்வேலை விளங்கும். தடை ஒரு பேரம். நீ இதை நிறுத்து, நான் அதை எடுக்கிறேன் என்ற பேச்சுக்குத்தான் அதில் பலம். நிறுத்திய பிறகும் தடை திரும்பி வரும் என்றால் எவன் நிறுத்துவான்? லிபியா 2003 டிசம்பரில் தன் அணுத்திட்டத்தைக் கைவிட்டது. எட்டு வருடத்தில் கடாபி கொல்லப்பட்டார். வடகொரியா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது 2006 ஒக்டோபரில் முதல் குண்டை வெடித்து ஐந்தாம் நாள் 1718 ஆம் தீர்மானம் வந்தது. அதன் பிறகும் 2017 வரை ஐந்து தடவை வெடித்தது. மறுபக்கம், 1970 களில் தென்கொரியா பிரான்சிடம் மீள்பதப்படுத்தும் ஆலை வாங்கப் போனபோது, அணு மின்நிலையத்துக்கான கடன் கிடைக்காது என்ற அமெரிக்க எச்சரிக்கையோடு 1976 இல் அந்தத் திட்டம் நின்றது. தடை போடவே வேண்டியிருக்கவில்லை. இழக்க நிறைய இருந்த நண்பனுக்கு மிரட்டலே போதும். ஏற்கெனவே எல்லாம் வெட்டப்பட்ட எதிரிக்கு இன்னொரு தீர்மானம் இன்னொரு கடதாசிதான்.

விலை கொடுப்பவர்களையும் சொல்லாமல் போக ஏலாது. மருந்துக்குத் தடை இல்லை என்று எழுத்தில் இருக்கிறது. ஆனால் காசு அனுப்ப வங்கி பயந்தால் மருந்து வராது. தோல் கொப்புளித்து உரியும் அரிய நோயுள்ள ஈரானியப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த விசேட பன்டேஜ், 2018 க்குப் பிறகு இப்படித்தான் நின்றுபோனது. அந்தப் பிள்ளைகள் யுரேனியத்தைக் கண்டதில்லை.

எங்கட கரையிலும் அலை அடித்தது. 1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டது. 2012 ஜூனில் அமெரிக்கா எங்களுக்கு விதிவிலக்குத் தந்தாலும், கப்பல் காப்புறுதியும் வங்கிக் கொடுப்பனவும் சிக்கலாகின. வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைக் காசாகக் கட்ட வழியில்லாமல், மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுப்பதென்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. நதான்ஸில் சுழன்ற இயந்திரத்துக்காகப் போட்ட தடையின் கணக்கில், மலையகத்துப் பெண்கள் பறித்த கொழுந்தும் சேர்ந்துகொண்டது.

2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு போட்டன. அந்த நேரம் ஈரானிடம் 60 வீதம் செறிவூட்டிய யுரேனியம் ஏறத்தாழ 440 கிலோ இருந்தது. யுத்தத்துக்குப் பதிலாகத்தான் தடை என்று சொல்லித் தொடங்கிய கதை, தடையும் யுத்தமும் இரண்டும் நடந்து, அந்த 440 கிலோவைப் பரிசோதகர்கள் போய் எண்ணிப் பார்க்க முடியாத இடத்தில் வந்து நின்றது. செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பி வந்தன, 2006 இன் 1737 ஆம் தீர்மானம் உட்பட. அதே தீர்மானம் முதல் தடவை வந்த வருடத்தில் ஈரான் பெருமையாக அறிவித்தது 3.5 வீதத்தை.