கிள்ளான் ஆறு கண்ட வரலாறு

காவிரி எங்கே தோன்றுகிறது என்று வினவினால், குடகு மலையில் என்று நம் மாணவர் தயங்காமல் விடை கூறுவர். தாம் நாள்தோறும் பாலத்தின்மீது கடந்து செல்லும் கிள்ளான் ஆறு எங்கே தோன்றுகிறது என்றாலோ விழிப்பர். குற்றம் அவர்களுடையதன்று; நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோமில்லை.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவாங்சா மலைத்தொடரில், கோலாலம்பூருக்கு வடகிழக்கே அந்த ஆறு பிறக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு எனலாம். மலையைவிட்டு இறங்கும் இடத்தில் படிகக் கல்லாலான நெடிய குன்றுத்தொடர் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதைப் பிளந்துகொண்டு ஆறு வெளிப்படும் இடைவெளிக்குக் கிள்ளான் வாயில் என்று பெயர். அங்கேதான் 1958ஆம் ஆண்டில் அணை கட்டப்பட்டது. பின்னர் ஆம்பாங் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு நகருள் புகுந்து, மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலின் அருகே கோம்பாக் ஆற்றுடன் கலந்து, பிரிக்பீல்ட்சை ஒட்டித் தெற்கே சென்று, மேற்கே திரும்பி, ஷா ஆலத்தைக் கடந்து, கிள்ளான் நகரை வடக்கு, தெற்கு என இரு கூறாக்கி, மலாக்கா நீரிணையை அடைகிறது.

இரண்டு ஆறுகள் கலக்குமிடத்தைத் தமிழர் கூடல் என்றும் கூடுதுறை என்றும் வழங்குவர். மலாய் மொழியில் அது 'கோலா'. 'லும்பூர்' என்பது சேறு. 'சேற்றுக் கூடல்' என்று பொருள் கொண்டு அமைதி அடைந்துவிடுகிறோம். ஆயினும் ஈண்டு ஒரு சிக்கல் உண்டு. பேராற்றில் வந்து கலக்கும் கிளையாற்றின் பெயரால் கூடலை அழைப்பதே மலாய் மரபு. அம்மரபுப்படி இவ்வூர் 'கோலா கோம்பாக்' என்றல்லவா பெயர் பெற்றிருக்க வேண்டும்? லும்பூர் என்ற பெயருடைய சிற்றாறு ஒன்று அருகே கலந்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர். முடிவு எவ்வாறாயினும், தலைநகரின் பெயரிலேயே ஆறு குடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நகரம் அவ்விடத்தில் எழுந்ததற்கும் ஆறே காரணம். 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட இராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காகச் சீனத் தொழிலாளர் 87 பேரை ஆற்றின்வழி மேலே அனுப்பினார். கூடல்வரை படகில் வந்த அவர்கள், காட்டுவழியே ஆம்பாங்கிற்கு நடந்தனர். ஒரு திங்களுக்குள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் 18 பேர் என்பர். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் வந்தனர். படகு நின்ற இடத்தில் அரிசி இறங்கிற்று, ஈயம் ஏறிற்று, கடை தோன்றிற்று, கடைத்தெரு ஊராயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தன் கையில் வைத்திருப்பவனே ஈயத்தின்மீது வரி வாங்குபவன். ஆதலால் 1867ஆம் ஆண்டில் இராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றியபோது மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போர் 1873 வரை நீடித்தது. அப்போரில் ஆறு வெறும் எல்லைக்கோடு அன்று, அதுவே பரிசுப்பொருள்.

1880ஆம் ஆண்டில் ஆட்சித் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு எதிர்க்கரையிலிருந்த புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடிற்று. நாட்கணக்கில் எதிர்நீரில் தண்டு வலித்த பயணம் சில மணி நேரத்தில் அடங்கிற்று. 1890இல் பாலமும் அமைந்தபின் ஆறு தன் வேலையை இழந்தது.

அந்த இருப்புப்பாதையில் உழைத்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தரும் நிலைய அதிகாரிகளும் பலர். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்சில், ஆற்றிலிருந்து கூப்பிடு தொலைவில், இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. நம்மவர் இப்பள்ளத்தாக்கில் பரவியது படகினால் அன்று, இரயிலினால். நம் மனத்தில் இந்த ஆறு இடம்பெறாமற் போனதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. சீனர் அதில் ஏறி வந்தனர். மலாய்க்காரர் அதன் கரையில் வாழ்ந்தனர். நாமோ அதற்கு மாற்றாக வந்த பாதையில் வேலை செய்தோம்.

ஆற்றின் முகத்துவாரத்திலும் நம்மவர் உழைப்பு உண்டு. 1901ஆம் ஆண்டில் சதுப்புநிலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அதனை முடக்கிற்று. நோயைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டறிந்திருந்தார். அந்த அறிவைக் கொண்டு மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காடு வெட்டுவித்து, வடிகால் அமைப்பித்தார். அதன்பின் நோய் தணிந்தது. வாட்சனின் பெயர் நூல்களில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. அத்துறைமுகமே 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிற்று.

வேலை இழந்த ஆறு வடிகாலாகக் கருதப்பட்டது. ஆனால் அது மறக்கவில்லை. 1926இலும், 1971 ஜனவரியிலும் தலைநகரை மூழ்கடித்தது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், வெள்ளத்தை நகரின் நடுப்பகுதிக்குள் வரவிடாமல் திசைதிருப்புகிறது. எனினும் நகருக்குக் கீழேயுள்ள தாழ்நிலத்தை அது காப்பதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீட்டின் மேல்மாடியை நெருங்கியபோது, கூரைமீது ஏறி உதவிக்குக் காத்திருந்தோருள் நம்மவரும் இருந்தனர். கடலில் ஏற்றம் மிகும் நேரத்தில் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தேங்குவது இப்பகுதியின் இயல்பு.

நமக்கும் இந்த ஆற்றுக்கும் உறவே இல்லையா எனின், ஒன்று உண்டு. பத்துமலையிலுள்ள 'பத்து' நம் எண்ணுப்பெயர் அன்று. மலாய் மொழியில் அது கல்லைக் குறிக்கும். அங்கே ஓடும் பத்து ஆற்றின் பெயரே மலைக்கு ஆயிற்று என்பர். 1892 முதல் நடைபெறும் தைப்பூசத்தில் காவடி எடுப்போர் நீராடுவது அந்த ஆற்றில்தான். அந்நீர் கோம்பாக் ஆற்றில் சேர்ந்து, பள்ளிவாசலருகே கிள்ளான் ஆற்றில் கலந்து, பிரிக்பீல்ட்சைக் கடந்து, கிள்ளான் பாலங்களின் கீழ் நழுவி, நண்டுத்தீவு எனப் பொருள்படும் பூலாவ் கெத்தாமின் அலையாத்திக் காடுகளுக்கு எதிரே கடலை அடைகிறது.