நாணய நிறமேற்றம்: இயற்கையும் செயற்கையும்

வெள்ளி, செம்பு, ஈயம் முதலிய உலோகங்களில் அடித்த காசு காற்று, நீர், மண், துணி, தாள் ஆகியவற்றோடு நாள்பட உறவாடி மேற்பரப்பில் வேறு நிறம் கொள்வது நாணய நிறமேற்றம். சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்கிறார்கள். செம்புக் காசில் திரளும் பச்சைக்குக் களிம்பு என்ற பழைய பெயரே இன்றும் வழங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தானாக ஏறிய நிறம் இயற்கையானது. மருந்து, வெப்பம், புகை ஆகியவற்றால் சில மணி நேரத்தில் வரவழைத்தது செயற்கை. முன்னது காசு எங்கே, எப்படிக் கிடந்தது என்பதற்குச் சான்று. பின்னது அந்தச் சான்றை அழித்துவிட்டு அதன் இடத்தில் பூசப்படும் பொய்.

மண்ணும் ஆறும்

இந்த வேறுபாட்டை விளக்கத் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்துத் தீர்த்தமலைச் சுற்றுவட்டாரம் மிகவும் பொருத்தமானது. தீர்த்தகிரீசுவரர் கோயிலாலும் இராமர், அகத்தியர், அக்கினி, குமார, கௌரி தீர்த்தங்களாலும் பக்தர்களுக்கு அறிமுகமான இந்த மலை, நிலவியலாருக்குச் சேலம் கஞ்சமலையைப் போல மேக்னடைட் இரும்புத்தாது கொண்ட மலை. இரும்பு கலந்த மண்ணில் கிடந்த செம்புக் காசில் பச்சைப் படலத்தின் மேல் துருவின் செம்பழுப்பும் ஒட்டிக்கொள்ளும். மலைக்கு அருகே அனுமந்த தீர்த்தத்தைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை கிழக்கே திருக்கோவிலூருக்குச் செல்கிறது. அங்கே ஆற்றுமணலில் கிடைத்தவைதாம் மலையமான் குலத்தாரின் சங்ககாலச் செப்புக் காசுகள். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து 1990-இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

தீர்த்தமலையும் இன்றைய தருமபுரியான தகடூரும் சங்ககாலக் குறுநில மன்னர்களான அதியமான்களின் நாடு. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் ‘அதினன் எதிரான் சேந்தன்’ என்ற தமிழ்ப் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் அவற்றை அதியர் குடியோடு இணைப்பர். ஈயம் பச்சை ஏறும் உலோகம் அன்று. முதலில் மங்கிய சாம்பல் நிறம் கொள்ளும், பிறகு ஈயக் கார்பனேட்டாகி வெள்ளைப் பொடி பூக்கும். மரப்பெட்டியில், அதுவும் புதிதாகச் செய்த பெட்டியில் வைத்தால் மரம் கசியவிடும் அசிட்டிக் அமில ஆவி இந்தச் சிதைவை விரைவாக்கும். சங்ககால ஈயக் காசு வைத்திருப்பவர் அதை மர அலமாரியிலிருந்து உடனே வெளியே எடுப்பது நல்லது.

செம்பின் கதை நீளமானது. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். வேதியியலின்படி களிம்பு வெளியிலிருந்து வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து முதலில் செம்பழுப்பு நிற கியூப்ரைட் படலம் உருவாகிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேரும்போது அதன் மேல் பச்சை மலாக்கைட் வளர்கிறது; சில இடங்களில் நீல அசுரைட்டும் தோன்றும். மெதுவாக வளர்ந்த படலம் எழுத்தின் விளிம்பைக்கூட மழுங்கவிடாமல் மெருகோடு காசைப் போர்த்தி நிற்கும். ஆற்றுமணலில் உருண்ட காசில் பச்சை தேய்ந்து கறுப்பும் பழுப்புமான வழுவழுப்புதான் எஞ்சும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் செப்புக் காசுகளிலும் திருக்கோவிலூர்க் காசுகளிலும் இதைக் காணலாம். வெட்டியெடுத்த காசு, ஆற்றில் அரித்த காசு, வீட்டுப் பானையில் இருந்த காசு ஆகிய மூன்றையும் பழகிய கண் நிறத்தை வைத்தே பிரித்துவிடும்.

எல்லாப் பச்சையும் நல்ல பச்சை அன்று. உப்பு பட்ட செம்பில் குளோரைடு புகுந்துவிட்டால் வெளிர்பச்சைப் பொடி பொங்கிக் குழிகுழியாக அரிக்கும். நாணயவியலில் இதற்கு வெண்கல நோய் என்று பெயர். இதைக் களைவது சுத்தப்படுத்துவதோடு சேராது, அது சிகிச்சை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டதற்கும் வெண்கலத் திருமேனிகளை அரித்த இதே நோய்தான் காரணம். அதன் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் உப்பை வெளியேற்றிச் சிலைகளைக் காப்பாற்றினார். இந்தியாவில் அருங்காட்சியகப் பாதுகாப்பு அறிவியல் வேரூன்றிய இடங்களுள் ஒன்று அந்தக் கூடம்.

படித்தறிய வேண்டிய காசின் களிம்பை நீக்குவதும் இந்த வகையில் சேரும். 1980-களின் நடுவில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்திய ‘பெருவழுதி’ செப்புக் காசு சங்கப் பாண்டியருக்கு முதன்முதலாகப் பெயரோடு கூடிய நாணயச் சான்றைத் தந்தது. இப்படிப்பட்ட காசில் எழுத்தை மூடிய படிவைப் பயிற்சி பெற்ற கை, உருப்பெருக்கியின் கீழ், தேவையான அளவுக்கு மட்டும் எடுப்பது முறையே.

கடலில் கிடந்த சென்னைக் காசு

பாராமகால் என்று அழைக்கப்பட்ட தீர்த்தமலைப் பகுதி 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. திப்புவின் யானைக் காசு புழங்கிய சந்தைகளுக்குக் கம்பெனியின் செப்புக் காசும் வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்துக்காக 1808-ஆம் ஆண்டிட்டு பர்மிங்காமின் சோகோ பட்டறையில் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் அவற்றில் ஒரு வகை. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னமும் மறுபக்கம் பாரசீக எழுத்தும் கொண்டவை.

அவற்றைப் பீப்பாய்களில் அடைத்துச் சென்னைக்கு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. ‘பிரிட்டானியா’ என்ற இன்னொரு கம்பெனிக் கப்பலும் அதே புயலில் அழிந்தது. 1984, 1985-இல் மூழ்காளர்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காசுகளை மீட்டனர். ஒரே பட்டறையில் ஒரே ஆண்டு அடித்து ஒரே நாளில் மூழ்கிய காசுகள் இவை. பீப்பாய்க்குள் இறுகிய கட்டியின் நடுவில் இருந்தவை புதுச்செம்பின் பளபளப்பை இழக்காமல் வந்தன. கட்டியின் ஓரத்தில் இருந்தவை பழுப்பேறின. கடல்நீர் நேராகத் தொட்டவை அரித்துப்போயின. ஒரு காசின் நிறம் அதன் வயதைவிட அது கிடந்த இடத்தையே சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சென்னைக்குப் போகவேண்டிய காசு இன்று சென்னைச் சேகரிப்பாளர் கைக்கு ஏலத்தின் வழியே வந்துகொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

வெள்ளி ரூபாயின் வண்ணங்கள்

1835-இல் கம்பெனி வெளியிட்ட ஒரே சீரான ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலம் முழுவதும் இதே தரம் நீடித்தது. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பாதி வெள்ளி ரூபாயில் செம்பு மிகுதியாதலால் நிறம் பழுப்பும் மங்கலுமாகவே ஏறும். வண்ணம் காட்டும் ரூபாய் அதற்கு முந்தியதே.

வெள்ளியை நிறம் மாற்றுவது கந்தகம். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் போதும், வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு படலம் வளரத் தொடங்கிவிடும். படலம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கனக்காத நிலையில், அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழித்துச் சில நிறங்களை ஓங்கச் செய்கின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இதே விதிப்படிதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும்: முதலில் வெளிர் பொன், பிறகு செந்நிறம், அடுத்து ஆழ்ந்த நீலம், பின் வெளிர்நீலம். இரண்டாம் சுற்றில் மீண்டும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. முடிவில் சாம்பல், கறுப்பு. இயற்கை இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பதில்லை.

தமிழ் வீடுகளில் ரூபாய் காசுக்குக் கந்தகம் கிடைத்த வழிகள் பல. பழுப்புத்தாள் உறை, அட்டைப்பெட்டி, கம்பளித் துணி, சாக்கடைக் காற்று, அடுப்புப் புகை ஆகியவை அவற்றுள் சில. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய காசுகளில் ரப்பரிலுள்ள கந்தகம் வளையம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும். நேர்த்திக்கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்து மறந்துபோன ரூபாயில் துணியின் இழை அச்சாகவே பதிவது உண்டு. அமெரிக்காவில் கருவூலத்தின் கித்தான் பைகளில், பைக்கு ஆயிரமாகப் பல பத்தாண்டுகள் கிடந்த மார்கன் டாலர்களில் இதே இழைப்பதிவும், அடுத்த காசு மறைத்ததால் எழுந்த பிறைவடிவ வண்ணமும் காணப்படுகின்றன. அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அத்தகைய டாலருக்குச் சாதாரண டாலரைவிடப் பலமடங்கு விலை தருகிறார்கள்.

செயற்கை வகைகள்

விலை கூடும் இடத்தில் போலி வரும். வெள்ளிக்குச் செயற்கை நிறம் ஏற்றுவதில் மூன்று வகைகள் உள்ளன. பட்டறைகளில் நகையின் பள்ளங்களைக் கறுப்பாக்கப் பயன்படும் பொட்டாசியம் சல்ஃபைடு கரைசலில் முக்குவது முதல் வகை. அவித்த முட்டையோடோ கந்தகத் தூளோடோ மூடி வைப்பது இரண்டாவது. சூடேற்றுவதும் புகை காட்டுவதும் மூன்றாவது. நகை வேலையில் இது நேர்மையான கைத்தொழில். காசில் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவது.

செம்பில் மயில்துத்தம், நவச்சாரம், காடி ஆகியவற்றைப் பூசி ஈரமண்ணில் புதைத்தால் சில வாரங்களிலேயே பச்சை பூக்கும். பசையில் பச்சைச் சாயம் கலந்து தடவுவதும் உண்டு. சங்ககாலக் காசு என்று விற்கப்படும் வார்ப்புப் போலிகளுக்கு இந்தப் பூச்சு தவறாமல் இருக்கும்.

வேண்டுமென்றே பழுப்பு உறையிலிட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்து வண்ணம் வரவழைத்த காசு எந்தப் பிரிவு? வைத்தவரின் எண்ணம் எதுவாயினும் படலம் மெதுவாகவே வளர்ந்திருப்பதால் அது இயற்கையானதே. காசின் மேல் நடந்தது என்ன என்பதையே பார்க்க வேண்டும்.

கழுவிய காசும் செயற்கைக் காசே. தமிழ்நாட்டில் போலி வண்ணத்தால் கெட்ட காசைவிடப் புளியாலும் விபூதியாலும் கெட்ட காசு மிகுதி. பித்தளைக் குடத்துக்குப் புளியும் வெள்ளி விளக்குக்கு விபூதியும் நல்ல மருந்து. காசில் புளியின் அமிலம் களிம்போடு எழுத்தின் விளிம்பையும் கரைக்கிறது, விபூதியின் நுண்மணல் ஆயிரம் கீறல்களை விடுகிறது. பிறகு எழும் புது நிறம் அந்தக் கீறல்களின் மேலேயே படிந்து, காசு தேய்க்கப்பட்டது என்பதை நிரந்தரமாகக் காட்டிக்கொடுக்கும்.

பகுத்தறிதல்

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் சாய்ந்து விழும் ஒளியும் பாதி வேலையைச் செய்துவிடும். இயற்கை நிறம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மேலே சொன்ன வரிசையில் மெல்ல மாறும், செயற்கை நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். புழங்காத காசில் எழுத்தை ஒட்டிய பகுதி சற்று வெளிறியே இருக்கும். கரைசலில் முக்கியெடுத்த காசில் மாறாக அங்கேதான் கறுப்பு தேங்கும். காசை ஒளியில் சுழற்றும்போது நிறத்துக்கு அடியில் மூல மெருகு சக்கரம்போல் சுழன்றால் நல்ல அறிகுறி. தேய்மானத்தின் மேலும் கீறலின் மேலும் ஒரே மாதிரி பளிச்சென்ற ஊதாவும் நீலமும் இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். சாயப் பூச்சை அசிட்டோன் கரைத்துவிடும், உண்மையான சல்ஃபைடையும் மலாக்கைட்டையும் அது தொடாது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி படலத்தில் உள்ள தனிமங்களைச் சொல்லும், அது எத்தனை நாளில் வளர்ந்தது என்பதைச் சொல்லாது. எனவே கடைசித் தீர்ப்பு நிறைய காசு பார்த்த கண்ணுடையதே.

அமெரிக்காவின் தரச்சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ் (1986), என்ஜிசி (1987) ஆகியவை ஐயத்துக்குரிய நிறம் கொண்ட காசுக்கு எண்தரம் தருவதில்லை. இந்தியச் சேகரிப்பாளர்களும் இப்போது அவற்றுக்குக் காசு அனுப்புகின்றனர்.

ஆனால் அனுப்பும் முன் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத எந்தக் காசும் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தீர்த்தமலைப் பக்கம் ஏர் ஓட்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ காசு கிடைத்தால், புளி போடாமல், துணியால் தேய்க்காமல், ஒட்டிய மண்ணோடு தாளில் மடித்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அரூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.