விமானமேறும் விஷம்

விமானச் சரக்கு விதிகளைப் பற்றி எண்ணுகையில் என் நினைவுக்கு வருவன மண்டூர் வயல்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், முருகன் கோயிலால் 'சின்னக் கதிர்காமம்' எனப் பெயர்பெற்ற ஊர் அது. வயலில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் தீண்டிய விவசாயிக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தே வந்துள்ளது.

அம்மருந்துக்கு மூலப்பொருள் விஷமே. 1978இல் சென்னையை அடுத்துத் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். ஆனால், பாம்பினம் ஒன்றாயினும் நிலம் மாறினால் விஷத்தின் கூறும் மாறும். இலங்கையில் பலரைக் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அந்த இந்திய மருந்து தயாரிக்கப்பட்டதன்று. ஆகவே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு, இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு, கொஸ்தாரிக்காவின் குளோடொமிரோ பிக்காடோ நிறுவனம் புதிய மருந்தொன்றை உருவாக்கியது. அதன் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளியாயின.

இத்தகைய பொருள்கள் உலகின் மறுகோடிக்குச் செல்ல ஒழுங்கு வேண்டுமல்லவா? ஐயாட்டா என்னும் விமான நிறுவனங்களின் சங்கம் 1956இலேயே அபாயப் பொருள்களுக்கான விதிநூலை வெளியிட்டது. ஐ.நா. வகைப்பாட்டில் நச்சுப் பொருள் 6.1, அதன் அடையாளம் மண்டையோடு. தொற்றுப் பொருள் 6.2, அதற்குக் கசியாத இரண்டு கொள்கலன்கள், ஒன்றனுள் ஒன்றாக, வெளியே உறுதியான பெட்டி.

இவற்றை வெறும் காகிதச் சடங்கென்று எண்ணலாகாது. குப்பி உடைந்தால் ஆபத்து சரக்குத் தொழிலாளிக்கு. பிழையான ஆவணத்தால் பெட்டி தேங்கினால் ஆய்வு பிந்தும். அத்தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் விவசாயியே.