வனமோகினி முதல் கும்கி வரை



நேற்று பேரனோடு உட்கார்ந்து ‘கும்கி’ (2012) மறுபடி பார்த்தேன். கோயில் யானையைக் கும்கி என்று சொல்லிக் காட்டோர ஊருக்குள் நுழைவதில் சிரிப்பு. ஊர்த்தலைவர் மகள் மேல் காதல். கடைசியில் காட்டு யானையோடு மோதல். “இது புதுசா தாத்தா?” என்றான். இல்லையப்பா, உன் கொள்ளுத் தாத்தா காலத்துச் சங்கதி என்றேன்.

1941-லேயே ‘வனமோகினி’ வந்துவிட்டது. எம்.கே.ராதா நாயகன், இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி காட்டுப் பெண். உடையும் கதையும் ஹாலிவுட் காட்டுப் படங்களின் சாயல்தான். பிறகு சாண்டோ சின்னப்பா தேவர் யானைகளை வைத்தே வெற்றி கண்டார். அவருடைய ‘தெய்வச் செயல்’ (1967), இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ (1971) ஆகி, மீண்டும் எம்.ஜி.ஆர். நடித்த ‘நல்ல நேரம்’ (1972) ஆனது. அதை டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவன் நான்.

இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன? நம் ஆர்.கே.பேட்டையில் ஒரு பையனும் பெண்ணும் தெருவில் நின்று பேசினால், தறிச் சத்தத்தையும் மீறிச் செய்தி வீட்டுக்குப் போய்விடும். சினிமாக் காட்டில் கேட்க ஆளில்லை. யானை துரத்தினால் பணக்காரியும் ஏழையும் சேர்ந்துதான் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் சிரிப்பு, சிரிப்பில் காதல். தெரு மறுத்ததைக் காடு கொடுத்தது.

ஆனால் ஒரு குறை உண்டு. பல படங்களில் காட்டில் வாழும் மக்கள் இலைதழை கட்டிக்கொண்டு கத்தும் கோமாளிகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பிலிருந்த ஓர் இருளர் வீட்டுப் பையனைப் பார்த்து மற்றவர்கள் அதேபோல் சத்தம் போட்டார்கள். நான் அதட்டவில்லை, சிரித்துவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. அவன் வீடு தேடி நான் போகவும் இல்லை.

1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து, கடிக்கு மருந்து செய்யக் கொடுத்து வருகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செய்தியைப் படித்தபோது அந்தப் பையன் முகம்தான் கண்முன் வந்தது.

காட்டுப் படம் பாருங்கள், சிரியுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியராக இருந்த நான் அன்று சொல்லிக் கொடுக்கவில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்